பழைய சாவி வேண்டாம், ஒரு கையெழுத்து போதும்

மதிப்பிற்குரிய முன்னாள் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 2018-இல் கடைசி வெளியீட்டைத் தந்துவிட்டு நீங்கள் மூவரும் ஒதுங்கிக்கொண்டீர்களே, அந்த இயங்குதளம் போன மாதம் ஓர் இரவில் மறுபடி பூட் ஆனது. கறுப்புத் திரை, மேல் மூலையில் உங்கள் பழைய வரவேற்பு வரி, அப்புறம் டெஸ்க்டாப். மவுஸ் நகரவில்லை, அது வேறு கதை. நீங்கள் விட்டுப்போன பைனரி இல்லை இது. மூலநிரலைக் கணினி ஓட்டும் கோப்பாக நாங்களே மாற்றி, அதாவது கம்பைல் செய்து, எழுப்பியது. இதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். மூவருக்கும் தனித்தனியாக அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்துவிட்டன. அதனால்தான் இப்படி ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

திரும்பி வாருங்கள் என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. ஏன் போனீர்கள் என்று கேட்கப்போவதும் இல்லை. பகல் வேலையை முடித்துவிட்டு வந்து, யாரோ ஒருவருடைய பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று இரவெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஒருநாள் போதும் என்று எழுந்து போனால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அப்படிக் கேள்வி கேட்டு உங்கள் உயிரை வாங்கியவர்களில் நானும் ஒருவன். எட்டு வருடம் பயன்படுத்தியதில் நான் அனுப்பிய பேட்ச் (நிரல் திருத்தம்) மொத்தம் நான்கு. அதில் இரண்டு எழுத்துப்பிழைத் திருத்தம்.

எங்கெங்கே சிக்கினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்போதுதான் உங்களிடம் எதைக் கேட்கிறோம், எதைக் கேட்கவில்லை என்பது விளங்கும்.

நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைச் சுற்றி இருந்த உலகம் மாறிவிட்டது. நிரலைக் கட்டும் பில்ட் ஸ்கிரிப்டுகள் பைத்தான் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இல் இருந்தன. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அது சின்ன வேலைதான், ஒரு வார இறுதியில் மாற்றிவிட்டோம். எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியது கம்பைலர். பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஹெடர் கோப்புகளில், வரையறை வேறு இடத்தில் என்று சொல்லும் எக்ஸ்டெர்ன் போடாமல் அறிவித்த மாறிகள் நிறைய இருந்தன. நம் கம்பைலரான ஜிசிசியின் பழைய பதிப்புகள் அவற்றையெல்லாம் கண்டும் காணாமல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்தத் தாராளத்தை நிறுத்திக்கொண்டது. ஒரே மாறியைப் பல இடங்களில் வரையறுத்திருக்கிறாய் என்று துண்டுகளை இணைக்கும் லிங்கர் கத்த ஆரம்பித்தது. சரி, அதைச் சீர்செய்து முடித்தால் அடுத்தது: அறிவிக்காமலே அழைக்கப்படும் ஃபங்ஷன்கள். முன்பு வெறும் எச்சரிக்கையாக வந்துகொண்டிருந்தது 2024-இல் வந்த ஜிசிசி 14-இல் பிழையாகிவிட்டது. உங்கள் டிரைவர் அடைவில் மட்டும் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது.

எரிச்சலோடுதான் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அதில் ஒன்று உண்மையிலேயே வழு. வன்பொருள் நேரடியாகத் தரவு எழுதும் நினைவகப் பகுதியான டிஎம்ஏ பஃபரின் 64 பிட் முகவரியைத் தரும் ஒரு ஃபங்ஷன், அறிவிக்கப்படாமலே அழைக்கப்பட்டிருந்தது. கம்பைலர் அது இன்ட் (32 பிட் முழுஎண்) தருகிறது என்று தானாக நினைத்துக்கொண்டு முகவரியின் மேல் பாதியை வெட்டிப் போட்டிருக்கிறது. நான்கு ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் எப்போதாவது ஒருமுறை காரணமே தெரியாமல் உறைந்துபோகிறது என்று நாங்கள் வருடக்கணக்கில் புலம்பினோமே, நினைவிருக்கிறதா? என் கணினியில் ராம் பழுது என்று நீங்கள் சொல்ல, நான் புது ராம் வாங்கிப் போட்டேன். ராமின் மீது பழி போட்டது தப்பு. வழு உங்களுடையதுதான். கோபமெல்லாம் இல்லை, சிரிப்புதான் வந்தது.

2018 வெளியீட்டை ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) நிறுவி அதற்குள்ளேயே கம்பைல் செய்யலாம் என்றுதான் முதலில் இறங்கினோம். அது வெளியுலகத்தோடு பேசவே மறுத்தது. இணையதளங்கள் உண்மையானவையா என்று சரிபார்க்க அதில் இருந்த வேர்ச் சான்றிதழ்களில் முக்கியமான ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதி ஆகிவிட்டது. அந்த நாளில் அப்டேட் இல்லாத பழைய கருவிகள் பலவும் இணையத்தில் பாதியை இழந்தன. நம்முடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. கிராஃபிக்ஸ் டிரைவர் தனிக் களஞ்சியத்தில் இருந்தது, அதை வைத்திருந்த சேவை மூடப்பட்டுவிட்டது. சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற பொது ஆவணகம் அதை எப்போதோ முழு வரலாற்றோடு நகலெடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். உங்கள் பெயரும் தேதியும் போட்ட கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) அத்தனையும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

இதெல்லாம் பொறுமை இருந்தால் தீர்கிற சிக்கல். தீராதது ஒன்று உண்டு. டிஸ்க் டிரைவரில், கன்ட்ரோலரை எழுப்பிய பிறகு 200 மில்லிசெகண்ட் சும்மா காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி. பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே'. தொட்டோம். க்யூஎம்யூ என்ற போலிக் கணினி மென்பொருளில் எந்த வித்தியாசமும் இல்லை, ஒரு புதிய மடிக்கணினியிலும் நன்றாகவே ஓடியது. பழைய மடிக்கணினி ஒன்றில் மட்டும் மூன்று முறைக்கு ஒருமுறை டிஸ்கே இல்லை என்றது. வரியைத் திரும்ப வைத்துவிட்டோம். எந்தச் சில்லுக்காக அது, 100 போதாதா, ஏன் 500 இல்லை என்பது கமிட் செய்தியிலும் இல்லை, வழுப் பட்டியலிலும் இல்லை. உங்கள் மூவரில் ஒருவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அதுபோன்ற வரிகள் முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டோம். வழிகாட்டி ஆவணம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு மதியம் பேசினால் போதும். நாங்களே குறித்துக்கொள்கிறோம்.

இனி, உண்மையான விஷயம்.

நிரலுக்கு உரிமம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஓர் இயங்குதளம் என்பது நிரலோடு முடிவதில்லை. அப்டேட்டுகள் உங்களிடமிருந்துதான் வந்தன என்று டிஜிட்டலாகக் கையொப்பமிடும் ரகசியச் சாவி, டொமைன் (இணைய முகவரி), பெயர் ஆகிய மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. நமது அப்டேட் வருவது மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி வழியே. நடுவில் யார் கைவைத்தாலும் தடுப்பதற்கு அந்தச் சாவி ஒன்றுதான் காவல். அந்தச் சாவிக்கு வரும் மார்ச்சோடு காலக்கெடு முடிகிறது. அதற்குப் பிறகு, இன்னும் நமது இயங்குதளத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கணினிகள் அந்தச் சாவியின் கையொப்பம் போட்ட எதையும் ஏற்காது. அப்படிப்பட்ட கணினிகள் இருக்கின்றனவா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. எங்களில் ஒருவர், அப்டேட்டுகளின் நகலைத் தரும் பழைய மிரர் சர்வரை நிறுத்த மனமில்லாமல் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் கோரிக்கைகள் வருகின்றன. வந்து, புதிதாக ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டு, போகின்றன. மறுநாள் மறுபடி வருகின்றன.

சாவி கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாமே பார்த்த உதாரணம், ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த ஃபோன் இயங்குதளமான சயனோஜென்மாட். 2016 டிசம்பர் கடைசியில் அதன் பின்னால் இருந்த நிறுவனம் எல்லாச் சேவைகளையும் மூடியது. நிரலை எடுத்துக்கொண்டு அதே தன்னார்வலர்கள் சில நாட்களிலேயே லீனேஜ்ஓஎஸ் என்று புறப்பட்டுவிட்டார்கள். ஆனால் பெயரும் போயிற்று, சாவியும் போயிற்று. சாவி வேறு என்பதால் பழைய ஃபோனில் புதியதை நேரடியாக ஏற்ற முடியவில்லை. ஒன்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இடையில் ஒரு சோதனைப் பதிப்பைப் போட்டு அதன் வழியாகத் தாண்ட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் தாண்டினார்கள். தெரியாதவர்கள் எத்தனை பேர் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பெயரை இழந்த கதைக்கு ஹைக்கூ என்ற இயங்குதளம். அதன் முன்னோடியான பிஓஎஸ் இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் 2001-இல் தன் சொத்துகளை பாம் நிறுவனத்துக்கு 1.1 கோடி டாலருக்கு விற்றது. அதே ஆண்டில் ரசிகர்கள் ஓபன்பிஓஎஸ் என்று முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள். வணிகமுத்திரை எங்களுடையது என்று பாம் சொன்னதால் 2004-இல் பெயரை ஹைக்கூ என்று மாற்றினார்கள். முதல் ஆல்ஃபா வந்தது 2009-இல். முதல் பீட்டா 2018-இல். நிரல் கிடைக்காததால் வந்த தாமதம் அது. ஓபன்சோலாரிஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் நிரல் பெரும்பாலும் கிடைத்தது, ஆனால் சி நூலகத்தின் சில பகுதிகள் மூடியே இருந்தன. 2010 ஆகஸ்டில் அதைத் தொடர இல்லுமோஸ் குழு கிளம்பியபோது முதல் வேலையே அந்த ஓட்டைகளை அடைப்பதுதான். அந்த மாதமே ஓபன்சோலாரிஸின் ஆட்சிக்குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. புது உரிமையாளரான ஆரக்கிள் பதிலே சொல்லவில்லை என்பதுதான் அதன் குறை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கசப்பு இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மறுபக்கமும் உண்டு. பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த பிளான் 9 இயங்குதளம் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2011-லிருந்து 9ஃபிரன்ட் என்ற கிளை மட்டும் பிடிவாதமாக அதை இழுத்துக்கொண்டு வந்தது. 2021 மார்ச்சில், பெல் லேப்ஸின் உரிமையாளரான நோக்கியா அதன் பதிப்புரிமையை பிளான் 9 அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தது. பழைய பதிப்புகள் எல்லாம், யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வெளிவந்தன. அதில் நோக்கியாவுக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இன்று அதை ஓட்டுபவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: நீங்கள் இப்போது படிக்கும் இந்த எழுத்துகள் கணினிக்குள் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த முறையை 1992-இல் வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும் அதை முதலில் கொண்டுவந்தது பிளான் 9-இல்தான்.

சரி, நாங்கள் கேட்பது என்ன? சாவியைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கொடுத்தால் வாங்கக்கூடாது என்று முடிவே செய்திருக்கிறோம்.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சுருக்கமாக: சோர்ந்துபோன ஒரே ஒரு பராமரிப்பாளர், இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பேட்ச்சுகளாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கக்கூடாதா என்று நச்சரித்த சில கணக்குகள். பொறுப்பு கைமாறியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு புகுந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற நிரலாளர் குடைந்து பார்த்ததால் 2024 மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது.

இந்த மடலை அந்தக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒதுங்கிப்போன பராமரிப்பாளர்கள், நல்ல பிள்ளையாக வழு திருத்திக் காட்டும் முன்பின் தெரியாத ஆறு பேர், மார்ச்சுக்குள் முடிவு சொல்லுங்கள் என்ற அவசரம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிச்சயம் சந்தேகப்படுவேன். நீங்களும் சந்தேகப்படுங்கள். அதனால்தான் எங்களை நம்பத் தேவையில்லாத ஒரு வழியை யோசித்தோம்.

ஒரே ஒரு கடைசி அப்டேட். அதில் எங்கள் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இரண்டு புதிய பொதுச்சாவிகளும், அப்டேட் கருவியில் நாற்பது வரி மாற்றமும் மட்டும் இருக்கும். அந்த மாற்றத்துக்குப் பிறகு எந்த அப்டேட்டுக்கும் இரண்டு கையொப்பம் தேவை. சாவிகள் இரண்டு வேறு ஆட்களிடம், இரண்டு வன்பொருள் டோக்கன்களில் இருக்கும். எங்களில் ஒருவர் கெட்டுப்போனாலும் தனியாக எதையும் தள்ள முடியாது. நாங்கள் தரும் பைனரியில் நீங்கள் கையொப்பமிட வேண்டாம். நாற்பது வரியை நீங்களே படித்து, உங்கள் கணினியிலேயே கட்டிப் பாருங்கள். எங்களுடையதோடு பைட் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் குப்பையில் போடுங்கள். ஒத்துப்போனால், பழைய சாவியால் அதில் ஒரு கையொப்பம் போட்டு வெளியிட்டுவிட்டு, சாவியைச் செல்லாததாக்கி அழித்துவிடுங்கள். இன்னொன்று, அந்த அப்டேட் யார் கணினியிலும் தானாக நிறுவிக்கொள்ளாது. பராமரிப்பவர்கள் மாறுகிறார்கள், சம்மதமா என்று கேட்கும். எதையும் தொடாமல் விட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். உங்களை நம்பி நிறுவியவர்கள் எங்களையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லையே.

டொமைனைப் பற்றிக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. அதை எங்களுக்கு மாற்றித் தர விருப்பமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். அப்டேட்டுக்காவது கையொப்பக் காவல் இருக்கிறது. புதிதாக ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி நிறுவுபவர்களில் எத்தனை பேர் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) சரிபார்க்கிறார்கள்? அந்த முகவரியை வாங்கும் எவனும் ஒரு கெட்ட ஐஎஸ்ஓவை அங்கே வைத்துவிடலாம். அந்த இடத்தில் முகப்பை எடுத்துவிட்டு, இது முடிந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தால் போதும். இப்போது அங்கே இருப்பது 'அடுத்த பதிப்பு விரைவில்'. ஏழு வருடமாக விரைவில்.

பெயர் விஷயம் உங்கள் இஷ்டம். தந்தால் மகிழ்ச்சி, தராவிட்டால் வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம். இதில் எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. பூட் ஆவதற்கு முன்பே லோகோ வரைய ஒருவர் உட்கார்ந்துவிட்டார். (இறந்துபோன இயங்குதளத்தை எழுப்பக் கிளம்பும் எல்லாக் குழுவிலும் ஒரு லோகோக்காரர் இருப்பார்போல.) நெட்வொர்க் அடுக்கில் மூன்று கோப்புகளில் உரிமக் குறிப்பே இல்லை, எழுதியது உங்களில் இருவர். மற்ற கோப்புகளுக்கான உரிமமே இவற்றுக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த மூன்றையும் புதிதாக எழுதும் வேலை மிச்சம். வைஃபை சில்லுக்குள் ஓடும் மென்பொருளான ஃபெர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய யாரிடமாவது அனுமதி வாங்கியிருந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். வாங்கவில்லை என்றால் எடுத்துவிடுவோம்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆறு பேர், எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தெரிந்தவர் ஒன்றரை ஆள். அந்த அரை நான். ஆகவே பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃபோன் இயங்குதளமான உபுன்டு டச்சை 2017-இல் அதன் நிறுவனமான கேனோனிக்கல் கைவிட்டபோது யுபிபோர்ட்ஸ் குழு ஏற்றுக்கொண்டது. அது நின்றிருந்த உபுன்டு 16.04-இன் வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்துவிட்டது. 20.04-க்கு மாறிய முதல் வெளியீடு 2023 மார்ச்சில்தான் வந்தது. எங்களைவிடப் பெரிய குழு, எங்களைவிடத் திறமைசாலிகள், அவர்களுக்கே அடித்தளத்தை மாற்ற அவ்வளவு காலம் பிடித்தது. அதைப் பார்த்தபின் எங்கள் பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதினோம். முதல் வருடம் க்யூஎம்யூவும் ஒரே ஒரு மடிக்கணினி மாடலும் மட்டும். டிஸ்குக்கும் நெட்வொர்க்குக்கும், போலிக் கணினிகளுக்கான விர்ட்ஐஓ டிரைவர். நிஜ நெட்வொர்க் கார்டுகளுக்கு, ஹைக்கூ செய்ததுபோல ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் டிரைவர்களை ஓர் இணக்க அடுக்கின் மேல் உட்காரவைக்கப் பார்ப்போம். 32 பிட் பதிப்பை நிறுத்துகிறோம். அதில் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு கவிழ்ந்துவிடும், அதைச் சீர்செய்ய ஆள் இல்லை. நவீன பிரவுசர் கிடையாது. பிரவுசர் இல்லாத டெஸ்க்டாப்பை யார் தொடுவார்கள் என்று கேட்டால், நாங்கள் ஆறு பேரும், அந்த மிரர் சர்வரைத் தட்டுபவர்களும்.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. இதை எழுப்பாதீர்கள், நிம்மதியாகப் போகட்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அப்போது பழைய கணினிகளை நாங்கள் தொட மாட்டோம். வேறு பெயரில், வேறு சாவியில், புதிதாக நிறுவ விரும்புபவர்களுக்கு மட்டும் தருவோம். பதிலே வராவிட்டாலும் ஏப்ரல் முதல் அதைத்தான் செய்வோம். மிரர் சர்வரை மட்டும் நிறுத்த மாட்டோம்.

புதிய பொதுச்சாவிகள், அவற்றின் கைரேகை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறி), அந்த நாற்பது வரி ஆகியவற்றை இம்மடலோடு இணைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆறு பேர் சார்பில்,
எழுத்துப்பிழை திருத்தியவன்

பி.கு.: வேறு எதற்கும் பதில் எழுத நேரமில்லை என்றால் இதற்கு மட்டும் எழுதுங்கள். அந்த 200 மில்லிசெகண்ட் எந்தச் சில்லுக்காக?